மாப்பிள்ளையைக் காணோம்

அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டுக்கும் வேலி கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்காகவே கட்டிய வீடுகள். ஒரு வீட்டின் புல்தரை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று புல் வெட்டுகிறவருக்கே தெரியாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாய் வளர்ப்பவர்களுக்கு மட்டும் அந்த அழகே தலைவலி. கதவைத் திறந்து நாயை வெளியே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போக முடியாது. மழையோ வெயிலோ, கயிற்றின் ஒரு நுனியில் நாயும் மறுநுனியில் ஆளுமாகத்தான் வெளியே இறங்க வேண்டும்.

பி.டி. டீச்சர் அப்படித்தான் தினமும் இறங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவரோடு இருந்தவர் அவருடைய அண்ணன் மனைவி. டீச்சர் "அண்ணி, அண்ணி" என்று தெருவே அதிரக் கூப்பிட்டதில், வாசல் காவலாளியிலிருந்து தள்ளாத கிழவர்கள் வரை எல்லோருக்கும் அவர் அண்ணியாகிப்போனார். அண்ணன் போன வருஷம் காலமான பிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்தது இந்த இருவரும், அவர் ஆசையாக வளர்த்த நாயும்தான். நாயின் பெயர் மாப்பிள்ளை. "நமக்குப் பொண்ணுதான் இல்ல, மாப்பிள்ளையாவது இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி அவர் வைத்த பெயர். அதுவும் பெயருக்குக் குறைவில்லாமல் முறுக்கிக்கொள்ளும். தட்டில் வைத்தது பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துவிடும்.

அண்ணிக்கு நாய் என்றாலே பயம். சோற்றுத் தட்டைக் காலால் தள்ளிவிட்டு விலகிக்கொள்வார். அதன் தலையை ஒருநாளும் தடவியதில்லை.

பயத்துக்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை டீச்சரின் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடி, பின்வரிசையில் இருந்த மேனேஜர் வீட்டம்மாவைப் பின்னாலிருந்து உரசிவிட்டது. இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்து நடக்கிற அம்மா. பக்கத்தில் சுவர் இருந்ததால் விழாமல் தப்பித்தார். பேங்க் மேனேஜராக இருந்த அவருடைய கணவர் நேராகக் குடியிருப்பின் ஆபீஸுக்குப் போனார். இன்னொரு தடவை அவிழ்ந்து ஓடினால் நாயை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் டீச்சருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. குனியக் கூடாது, கனமாக எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளையை இழுப்பதைவிடக் கனமான வேலை அந்த வீட்டில் கிடையாது.

"அண்ணி, நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

"நானா? அது என்னைக் கூட்டிட்டுப் போயிடும்மா."

வேறு வழியில்லை. மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவர் அண்ணி. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கைமாற்ற மாட்டார். கழுத்துப்பட்டையையும் அப்படித்தான் பார்த்தார். ஆனால் அதன் கழுத்தில் விரலை விட்டு இறுக்கிப் பார்க்க மட்டும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

முதல் சில நாட்கள் எப்படியோ போயின. அன்று காலை, மூலை திரும்பியதும் புல்வெட்டும் மெஷின் பக்கத்திலேயே உறுமிக் கிளம்பியது. மாப்பிள்ளை முன்னால் பாயவில்லை, பின்வாங்கியது. கழுத்தை உள்ளிழுத்து ஓர் உதறு உதறியதில் பட்டை காதைத் தாண்டிக் கழன்று வந்தது. அண்ணி கயிற்றைப் பார்த்தார். நுனியில் பட்டை மட்டும் தொங்கியது. நாய் இரண்டு வீடுகளுக்கு நடுவே புகுந்து மறைந்துவிட்டது.

புல் வெட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "ஐயோ, நான் பார்க்கலைம்மா. ஆபீஸ்ல சொல்லட்டுமா? ஆளுங்க வந்து தேடுவாங்க."

"வேண்டாம்! யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

சொல்லிவிட்டாரே தவிர எந்தப் பக்கம் போவது? எல்லாப் பக்கமும் திறந்து கிடந்தது. கடைசி வரிசையைத் தாண்டினால் மெயின் ரோடு. லாரிகள் போகும் சத்தம் மற்ற நாட்களில் காதில் விழுந்ததே இல்லை. இன்று ஒவ்வொரு லாரியும் அவர் நெஞ்சின் மேலேயே போனது. வாய்விட்டுக் கூப்பிடவும் முடியவில்லை. கூப்பிட்டால் நாய் ஓடிப்போனது ஊருக்கே தெரிந்துவிடும். "மாப்பிள்ளை... மாப்பிள்ளை..." என்று ரகசியம் பேசுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

வெயிலில் நாற்காலி போட்டிருந்த ஒருவர் பேப்பரை இறக்கினார். "என்ன அண்ணி, மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா?"

"இல்லல்ல, சும்மா..." என்று கயிற்றைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டதில் கன்னம் வலித்தது.

ஃபோன் அடித்தது. டீச்சர்.

"எங்க அண்ணி இருக்கீங்க? இவ்ளோ நேரமா?"

"இங்கதான்மா. பூச்செடிகிட்ட மோந்துக்கிட்டு நிக்குது. நகர மாட்டேங்குது."

"ஃபோனை அது காதுல வைங்க. நான் ஒரு வார்த்தை சொல்றேன்."

அண்ணி ஃபோனைத் தன் காதிலிருந்து எடுத்து, கையில் இருந்த வெறும் பட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். "டேய் மாப்பிள்ளை, அண்ணியைப் படுத்தாதடா. சமத்தா வீட்டுக்கு வா" என்று டீச்சரின் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு லைன் அறுந்தது. கணவர் ஆசையாக வளர்த்ததை ஒரு வாரம்கூடக் காப்பாற்றத் துப்பில்லையே என்று அண்ணி நினைத்தபோது கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன.

பின்வரிசையில் ஒரு வீட்டின் சமையலறைக் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் ஈரப் பாதத்தின் தடம். அது யார் வீடு என்று தெரிந்ததும் அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே மேனேஜர் வீட்டம்மா வாக்கரை இறுகப் பிடித்தபடி சுவரோடு சுவராக நின்றிருந்தார். சாப்பாட்டு மேஜைக்கடியில் மாப்பிள்ளை.

"நான் கத்தலைங்க" என்றார் அந்த அம்மா, உதடு அசையாமல். "கத்தினா மேல பாஞ்சிடுமோன்னு... அவர் வாக்கிங் போயிருக்கார். வர்ற நேரம்தான்."

"அசையாதீங்க. நான் பிடிச்சுடறேன்" என்றார் அண்ணி. ஆனால் படியைத் தாண்ட அவருக்கும் கால் எழவில்லை. நாய்க்குப் பயந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணில் மறைப்போடு, மூச்சிரைக்க டீச்சர் புல்தரையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

"நீ ஏன்மா வந்தே?"

"ஃபோன்ல மூச்சுச் சத்தமே இல்ல அண்ணி. அது சும்மா நின்னாலே புஸ்ஸு புஸ்ஸுன்னு இரைக்குமே. பின்பக்க ஜன்னல்ல பார்த்தா நீங்க இங்க சிலை மாதிரி நிக்கிறீங்க." சொல்லிக்கொண்டே உள்ளே போய் மேஜையைப் பிடித்துக் குனியப் போனார்.

"குனியாதே!"

அண்ணியின் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. டீச்சரே விறைத்து நின்றுவிட்டார்.

"கண்ணு போயிடும்டி. தள்ளு." அண்ணி படியைத் தாண்டி உள்ளே போய் டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்தார். மேனேஜர் வீட்டம்மாவிடம் திரும்பினார். "அம்மா, அந்தக் கதவை மட்டும் சாத்திடுங்க. வெளிய ஓடிட்டா ரோடு."

அந்த அம்மா வாக்கரை ஒவ்வொரு அடியாக நகர்த்திக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அண்ணி முட்டி போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேஜைக்கடியில் ஊர்ந்து போனார்.

அத்தனை பக்கத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. காதுகள் பின்னால் ஒட்டிக் கிடந்தன. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, காய்ச்சல்காரனுக்கு நடுங்குவதுபோல. "நானும்தான் பயந்து சாகறேன். கொஞ்சம் கழுத்தைக் காட்டு" என்றார். முதல் தடவை கை தவறியது. இரண்டாவது தடவை மாட்டி, உள்ளே விரலை விட்டு இறுக்கினார். பிறகு இன்னொரு ஓட்டை தள்ளி மாட்டினார்.

வெளியே வரும்போது, முன்கதவில் மேனேஜர் நின்றிருந்தார்.

மேஜைக்கடியிலிருந்து தவழ்ந்து வரும் அண்ணியையும் நாற்காலியில் ஒரு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த டீச்சரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனைவியிடம் போனார். "விழுந்தியா? எங்கயாவது பட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல."

"என் கையிலேர்ந்துதான் நழுவிடுச்சு. டீச்சர் மேல தப்பு இல்லைங்க" என்றார் அண்ணி.

"எனக்கு உங்க மேல கோபம் இல்லம்மா" என்றார் மேனேஜர். குரல் உயரவில்லை, அதுதான் அண்ணிக்கு இன்னும் பயமாக இருந்தது. "இவ இன்னொரு தடவை விழுந்தா எழுந்திரிக்க மாட்டான்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் கடைக்குப் போனாக்கூட மனசு இங்கயேதான் இருக்கு. ஆபீஸ்ல சொல்லாம இருக்க முடியாது."

சொன்னபடி சொல்லவும் செய்தார். மறுநாள் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. இரவெல்லாம் தூங்காத இருவரும் போனபோது, மேனேஜர் வீட்டம்மாவும் கணவரோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"நாய் வேணாம்னு நான் சொல்லலைங்க" என்றார் அந்த அம்மா ஆபீஸ்காரப் பெண்ணிடம். "பின்னாலேர்ந்து வந்தா எனக்குத் தெரிய மாட்டேங்குது. நேத்து வர்றதைப் பார்த்தேன். உசுரே போயிடுச்சு, ஆனா நின்னுட்டேன். அது கழுத்துல ஒரு மணியைக் கட்டச் சொல்லுங்க. கழுத்துப்பட்டையை நம்பாம, நெஞ்சோட சேர்த்துக் கட்டுற பட்டையா போடச் சொல்லுங்க. எங்க வீட்டுப் பின்பக்கம் வர வேண்டாம். அவ்ளோதான்."

மேனேஜர் அதைக் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை என்பது தெரிந்தது, மறுக்கவும் இல்லை. ஆபீஸ்காரப் பெண் யோசித்துவிட்டு, அடுத்த தடவை என்றால் பேச்சே கிடையாது என்று சொல்லி அனுப்பினாள்.

கண் டாக்டர் டீச்சரைப் பிடிபிடியென்று பிடித்தார். நல்லவேளையாகக் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு மட்டும் இன்னும் சில வாரம் நீண்டது.

"அப்ப இன்னும் நீங்கதான் அண்ணி" என்றார் டீச்சர்.

மாலையில் அண்ணி புதுப் பட்டையை மாட்டினார். கொக்கியை இழுத்துப் பார்த்தார். கதவு வரை போய், திரும்பவும் குனிந்து இழுத்துப் பார்த்தார். வெளியே எங்கோ ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை கதவுக்குள்ளேயே நின்றார். நாயும் அவர் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சத்தம் நின்றதும், "போலாமா மாப்பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அது இழுக்க ஆரம்பித்துவிட்டது.