டைமார்ஃபஸ் என்றால் நடுவில்

1.
இந்தக் கதை நான் ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டதால் பிறந்தது. ஆழ்வார்பேட்டையில் உட்கார்ந்து ஒரு மருத்துவக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். தொழுநோயின் நடு வகைக்கு அதில் டைமார்ஃபஸ் என்று பெயர். டைமார்பஸா, டைமார்ஃபஸா? கிரேக்கத்தில் இரண்டு உருவம் என்று பொருளாம். ‘இருவடிவத் தொழுநோய்’ என்று எழுதினேன். நோய்க்கு இரண்டு தலை முளைத்ததுபோல் இருந்தது. ‘இடைநிலை’ என்றேன், இடைநிலை ஆசிரியர் நினைவுக்கு வந்தார். யாராவது இதை வாயால் சொல்லிப் பார்த்தால்தான் தீரும் என்று அன்புக்கரசியை உண்டாக்கினேன்.

2.
நந்தனத்தில் வண்டிக்கடை வைத்திருக்கும் அன்புக்கரசியின் நோயாளிக் கணவன் டில்லிபாபு ஒருநாள்... (வேண்டாம். இப்படித் தொடங்கினால் கடைசிவரை நோயாளியாகவே இருப்பான்.)

டில்லிபாபு அரைக்கிற சட்னிக்காகவே அன்புக்கரசியின் இட்லிக் கடைக்குக் கூட்டம் வரும். ஒரு காலை குண்டானைத் திறந்தபோது ஆவி அவன் முன்கையில் அடித்தது. தோல் கொப்பளித்தது. அவனோ சுட்டதே தெரியாமல் பேசிக்கொண்டே இட்லி எடுத்தான். அன்புக்கரசி அதைப் பார்த்துவிட்டாள். மாதக்கணக்காக வெளிறிய தேமல் படர்ந்திருந்த இடம் அது. கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

3.
(டாக்டரம்மாவை முதலில் சிடுசிடுப்பாக எழுதியிருந்தேன். பிறகு எனக்கே அவரைப் பிடித்துப்போய்விட்டது.)

அவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் அன்புக்கரசி அர்த்தம் கேட்டாள். இந்த நோயின் ஒரு முனையில் உடம்பு கிருமியை எதிர்த்து நிற்கும், மறுமுனையில் விட்டுக்கொடுத்துவிடும், இவர் நடுவில் இருக்கிறார், எந்தப் பக்கமும் சாயலாம் என்றார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகும், சாப்பிடத் தொடங்கிவிட்டால் யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னார்.

டில்லிபாபு காதில் விழுந்தது தொழுநோய் என்ற பெயரும் ‘நடுவில்’ என்பதும் மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் தன் தட்டைத் தனியே எடுத்து வைத்தான். பெரும்பாக்கத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதாகத் துணிமணியை அள்ளிப் பையில் திணித்தான்.

“நடுவுல நிக்கிறேன். எந்தப் பக்கம் சாயும்னு டாக்டருக்கே தெரியல. உனுக்கு இன்னாத்துக்கு இந்த ரோதனை?”

அன்புக்கரசி பையிலிருந்து அவன் கைலியை உருவிக் கொடியில் போட்டாள்.

“நடுவுலதான நிக்கிற? இந்தப் பக்கம் சாய். நான் கீறேன்ல.”

அந்தத் தட்டிலேயே சோற்றைப் போட்டு, அவனோடு உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள்.

4.
முதல் முடிவில் அவனைப் பெரும்பாக்கம் பஸ்ஸில் ஏற்றினேன். அவளும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடையை யார் பார்ப்பது என்று எனக்குக் கவலை வந்து இருவரையும் இறக்கிவிட்டேன். இரண்டாவதில் நோய் குணமானது. அது நடக்கும், கையேடு பொய் சொல்லவில்லை. ஆனால் அது மாத்திரையின் முடிவு.

மூன்றாவதில், அடுத்த வாரம் டில்லிபாபு கடைக்கு வந்தான். கையில் கட்டு. தினமும் சாப்பிட வரும் அய்யாதுரை தட்டை நீட்டிவிட்டு, கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அன்புக்கரசி இட்லித் துணியை உரிப்பதை நிறுத்தினாள். ஏதாவது சாக்குச் சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். அவன் நோயின் பெயரையே சொன்னான். இங்கிலீஷில் அல்ல, தமிழில். சொல்லிவிட்டு, சட்னிக் கரண்டியை எடுத்துக்கொண்டு காத்திருந்தான்.

அய்யாதுரை என்ன செய்தார் என்று நான் எழுதப்போவதில்லை. அவரை அனுப்பிவிட்டேன். தட்டு இப்போது உங்கள் கையில் இருக்கிறது.