லேமினேஷன் போட்ட வாரண்டி கார்டு

பஞ்சநதம் சார் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மூன்று வருஷமாக நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்பது கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். சண்டை போடுகிற வீடாக இருந்தால் சத்தம் வரும். மதில் ஓரமாகத் துணி காயப்போடுகிற சாக்கில் நாலு வார்த்தை காதில் விழும். இங்கே அதற்கும் வழியில்லை. "சாதம் வெச்சாச்சு" என்று அபிதகுஜாம்பாள் மாமி சமையலறைக் கதவைப் பார்த்துச் சொல்லுவாள். "பேங்க்குக்குப் போயிட்டு வரேன்" என்று சார் தன் செருப்பைப் பார்த்துச் சொல்லுவார். கொஞ்சம் நீளமான சமாசாரமாக இருந்தால் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து என்னைக் கூப்பிடுவார்கள்.

"தபீதாள் டீச்சர், கேஸ் தீர்ந்துடுத்துன்னு அவர்கிட்ட சொல்லிடுங்கோ."

அவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, "சார், கேஸ் தீர்ந்துபோச்சாம்" என்பேன்.

"புக் பண்ணியாச்சுன்னு சொல்லுங்கோ."

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு டிக்டேஷன் போட்டு ரிட்டயர் ஆனவள் நான். ஒரே வரியை இரண்டு தடவை சொல்வதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

காரணம் இதுதான். தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள் காலையில் திருநெல்வேலியிலிருந்து மாமிக்குத் தந்தி வந்தது. அம்மாவுக்கு சீரியஸ், உடனே புறப்படு. பத்து நிமிஷத்தில் மாமி கையில் பையோடு வாசலில் நின்றாள். சார் அப்போது ரயில்வேயில் ஹெட் கிளார்க். "பஸ்ல இடிபட்டுண்டு போறதாவது? இன்னிக்கு ரயில் ஃபுல். நாளைக்குக் கோட்டாவுல ரெண்டு பர்த் வாங்கிடறேன். முறையா போகலாம்" என்றார். சொன்னபடி வாங்கினார். இரண்டுமே லோயர் பர்த். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்களாம். மாமி அழவில்லை என்று அவள் தங்கை என்னிடம் சொன்னாள். திரும்பி வந்ததிலிருந்து அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே என்ற பயமாக இருக்கலாம்.

இப்படி இருக்கிற வீட்டில் தொண்ணூற்றைந்து தை மாதம் ஒரு கலர் டி.வி. வந்து இறங்கியது. ரிட்டயர் ஆன பணத்தில் சார் வாங்கியது, இருபத்தோரு அங்குலம். அன்றிலிருந்து ஏழரை மணி தொடருக்கு இருவரும் ஒரே அறைக்கு வந்தார்கள். அவர் நாற்காலியில், அவள் தரையில் கதவோரம்.

"இந்தப் பொண்ணு ஏன்தான் இப்படி வாயை மூடிண்டிருக்கோ" என்பாள் மாமி, டி.வி.யைப் பார்த்து.

"வாயைத் திறந்துட்டா கதை நாளைக்கே முடிஞ்சு போயிடுமே" என்பார் சார், அவரும் டி.வி.யைப் பார்த்து.

"அந்த மாமியாரைப் பாரு, கழுத்துல எவ்வளவு போட்டுண்டிருக்கா."

"எல்லாம் கவரிங்."

விளம்பரம் வந்தால் பேச்சு நின்றுவிடும். தொடர் வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். ஒரு நாள் மாமி சிரித்தாள். உறைமோர் வாங்கப் போன நான் நேரில் பார்த்தேன். அந்த எட்டு மாதத்தில் எனக்கு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

ஆவணியில் ஒரு நாள், தொடர் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது படம் சுருங்கிச் சுருங்கி ஒரே ஒரு வெள்ளைக் கோடாக ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் கோடும் போயிற்று. கறுத்துப்போன கண்ணாடி முன்னால் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மாமி எழுந்து உள்ளே போய் விளக்கை அணைத்தாள்.

சார் பதறவில்லை. வாரண்டி ஒரு வருஷம். கார்டு ஃபைலில் இருந்தது. அதுவும் சாதாரணமாக இல்லை. ஸ்டேஷன் அருகே லேமினேஷன் கடை வந்த நாளிலிருந்து சார் அங்கே வாடிக்கை. பென்ஷன் ஆர்டர், கேஸ் கனெக்‌ஷன் பேப்பர், வாக்காளர் சீட்டு, ரத்த வகை எழுதிய துண்டு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. டி.வி. வந்த மறுநாளே வாரண்டி கார்டும் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டது.

கடை மேற்குப் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டில். செல்லியம்மன் எலக்ட்ரானிக்ஸ். முதலாளி சிட்டிபாபு. அவனுடைய அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில்தான் இன்றைக்கு அந்த காம்ப்ளெக்ஸே நிற்கிறது. டி.வி. வாங்கப் போனபோது சாருக்கு நாற்காலி, ஃபேன், ஜில்லென்று கலர் சோடா. இப்போது நின்றபடியே பேச வேண்டியிருந்தது.

"இன்னா சார் இது?" சிட்டிபாபு கார்டை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். "சாமி படம் மாதிரி பண்ணிக்கினு வந்துகிறீங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான்..."

"பத்திரமாத்தான் கீது. அடியில நாலு கூப்பன் கீதே, பாத்தீங்களா? மெக்கானிக் ஒரு தபா வந்தா ஒண்ணு கிழிச்சுக்கணும். அத்த காட்னாதான் கம்பெனில பார்ட்ஸ் குடுப்பான். இத்த எப்டி சார் கிழிப்பான், பல்லாலயா?"

கவுன்டரில் பில் போடும் சாமுண்டீஸ்வரி சிரித்தாள்.

"அதுவும் இல்லாம நம்ம கடை சீலே இல்லியே சார் இதுல."

"அது நீங்கதானே போடணும்?"

"போட்டிருக்கணும். அன்னிக்கு ரஷ்ஷு. அதனால இன்னா, இப்ப போட்டா போச்சு." சீலை மையில் ஒற்றி கார்டின் மேல் குத்தினான். பிளாஸ்டிக்கின் மேல் மை சொட்டுச் சொட்டாகத் திரண்டு நின்றது. சாமுண்டீஸ்வரி கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். சுத்தமாகப் போய்விட்டது.

"நிக்கலண்ணா" என்றாள்.

கிண்டியில் கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கிறது, அங்கே ஒரு லெட்டர் வாங்கி வரச் சொன்னான். சார் எலக்ட்ரிக் டிரெயின் பிடித்துப் போனார். அங்கே டோக்கன் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து டை கட்டிய ஒரு பையன், "டீலர் சீல் இல்லாம நாங்க டச் பண்ண முடியாது சார், டீலரைப் பாருங்க" என்றான். சிட்டிபாபு, "அவங்க அப்டித்தான் சொல்லுவாங்க, நீங்க மறுபடி போய்க் கேளுங்க" என்றான். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து என்னிடம் விவரம் சொல்லுவார். நான் மாமியிடம் சொல்லுவேன். மாமி, "சரி" என்பாள். அந்த "சரி"யை நான் சாரிடம் கொண்டுபோவேன்.

நடுவில் ஒரு நாள் பிளேடு வைத்து லேமினேஷனைப் பிரிக்கப் பார்த்தார். பிளாஸ்டிக்கோடு ஒரு கூப்பனும் பாதி சீரியல் நம்பரும் உரிந்து வந்தன. அதையும் பத்திரமாக ஒரு கவரில் போட்டுக்கொண்டார்.

கடைசியில் சிட்டிபாபு மனம் இரங்கியதுபோல, "செட்டைக் கொண்டாந்து போடுங்க சார், நம்ம பொன்னுரங்கம் வருவான், சொல்லிப் பாக்கலாம்" என்றான். ஆட்டோவில் மெத்தைபோல் பழைய போர்வை விரித்து டி.வி. போயிற்று. கவுன்டருக்குப் பின்னால், கெட்டுப்போன மிக்ஸிகளுக்கும் கிரைண்டருக்கும் பக்கத்தில் அதற்கு ஒரு இடம் கிடைத்தது. பொன்னுரங்கம் என்கிற மெக்கானிக்கைத்தான் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு நாள் சாப்பிடப் போயிருப்பான். ஒரு நாள் பெருங்களத்தூரில் ஃப்ரிட்ஜ். ஒரு நாள் அவனுக்கே ஜுரம். சார் தினமும் பத்தரைக்குப் போய் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஒரு மணிக்கு வருவார்.

வீட்டில் டி.வி. ஸ்டாண்டு மட்டும் இருந்தது. மேலே அதன் உறை மடித்து வைத்திருந்தது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். ஏழரை ஆனதும் பழக்கத்தில் அவர் நாற்காலிக்கு வருவார். அவளும் கதவோரம் வந்து உட்காருவாள். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி. ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அவள் உள்ளே போவாள், அவர் கேட்டுக்கு வந்து தெருவைப் பார்ப்பார். "சாதம் வெச்சாச்சு" என்பதுகூட நின்றுபோயிற்று. தட்டு வைக்கிற சத்தம் கேட்கும், அவர் எழுந்து போவார். புரட்டாசி முழுக்க இப்படியே போயிற்று. பார்த்துப் பார்த்து எனக்கே மரத்துவிட்டது. நானே சில நாள் ஜன்னலைச் சாத்திவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறந்து ஒரு வியாழக்கிழமை மாமி கூப்பிட்டாள். "டீச்சர், இன்னிக்கு சாயங்காலம் கடைக்கு நானும் வரேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்கோ."

"சார், மாமியும் வராங்களாம்."

"எதுக்குன்னு கேளுங்கோ."

"சும்மா உக்காந்துக்கத்தான்னு சொல்லுங்கோ" என்றாள் மாமி.

மூன்று பேரும் போனோம். நான் எதற்கு என்று கேட்காதீர்கள். நான் இல்லாமல் அவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவர்கள் ஆளுக்கொரு கைப்பிடிச் சுவர் ஓரமாக நடந்தார்கள்.

கடையில் சிட்டிபாபு ஒரு புதுத் தம்பதிக்கு ஃப்ரிட்ஜ் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு டீ வந்தது. "மேடமும் வந்துகிறீங்களா? குந்துங்க. பொன்னுரங்கம் காட்டாங்குளத்தூர் போய்க்கிறான், ஹாஸ்டல்ல டி.வி. அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருவான்" என்றான். பெஞ்சில் சார் ஒரு கோடியில், மாமி ஒரு கோடியில், நான் நடுவில்.

எதிர்ச் சுவரில் ஆறு டி.வி. ஓடிக்கொண்டிருந்தன. ஆறிலும் ஒரே வயலும் வாழ்வும் மாதிரி ஏதோ ஒன்று, ஒரே மனிதர் உரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று.

"ஒண்ணுல பச்சையா இருக்கார். ஒண்ணுல மஞ்சளா இருக்கார்" என்றாள் மாமி. என்னிடம் இல்லை, சுவரில் இருந்த டி.வி.க்களிடம்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"ஆன்டெனா ஒண்ணுதான். செட்டுதான் வேற வேற" என்றார் சார், டி.வி.க்களிடம்.

"நம்மாத்துல நன்னா இருந்தது, கலர்."

"ம். நன்னா இருந்தது."

அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் வாங்க வந்தவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார்கள். சிட்டிபாபு கொட்டாவி விட்டான். "ஏம்மா சாமுண்டி, வாங்க ஆளே இல்ல, எதுக்கு ஆறும் ஓடிக்கினு? கரன்ட்டு இன்னா உங்கப்பன் வூட்டுதா? நிறுத்து" என்றான். அவள் வரிசையாக நிறுத்திக்கொண்டே வந்தாள். ஆறாவதும் அணைந்ததும் அந்தச் சுவரில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பது ஆறு இடத்தில் தெரிந்தது.

மாமி எழுந்து கவுன்டருக்குப் போனாள். "எப்போதான்ப்பா ஆகும்?"

"மேடம், அவசரப்பட்டா எதுவும் ஆவாது." சிட்டிபாபு கோபமாகச் சொல்லவில்லை. பொறுமையாக, ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னான். "கம்பெனிக்கு எழுதிக்கிறோம். டூப்ளிகேட் கார்டு வரணும். அப்பால நம்ம சீலு. அப்பால கூப்பன். எல்லாம் முறையா வரணும் இல்ல? ஒரு நாள் முன்ன பின்ன ஆனா இன்னா இப்போ? குடியா முழுகிடும்?"

மாமி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள். நான் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன், "சொல்லிடுங்கோ" வரப்போகிறது என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டேளா?" என்றாள்.

சார் தலையைத் தூக்கினார்.

"எனக்கு அன்னிக்கு இப்படித்தான் இருந்தது."

குரல் உயரவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்தான். சார் கையிலிருந்த கவரைச் சட்டைப் பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். சாமுண்டீஸ்வரி பில் புத்தகத்தை மூடிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு பல்லவன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"பஸ்ஸுலயே போயிருக்கலாம்" என்றார் சார்.

"போயிருக்கலாம்" என்றாள் மாமி.

"எந்த பஸ்ஸு சார், கிண்டிக்கா?" என்றான் சிட்டிபாபு. "பஸ்ஸு பேஜாரு சார். டிரெய்னே பெட்டர்."

மாமி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் நடுவிலிருந்து எழுந்து கொஞ்ச நேரம் டேபிள் ஃபேன்களைப் பார்ப்பதுபோல் நின்றேன். காலியான இடத்தில் இருவரும் நகர்ந்து உட்காரவில்லை. அப்படியே இரண்டு கோடியில் இருந்தார்கள். ஆறே முக்காலுக்கு ஷட்டர் பாதி இறங்கியது. பொன்னுரங்கம் வரவில்லை. "நாளைக்கு ஷ்யூரா வந்துருவான்" என்றான் சிட்டிபாபு.

பாலத்தில் நான் பின்னால் வந்தேன். அவர்கள் முன்னால்.

"நாளைக்குப் பத்தரைக்கு வந்தா இருப்பானோ?" என்றாள் மாமி.

"இருக்கமாட்டான்."

"பின்னே எத்தனை மணிக்கு?"

"எப்ப வந்தாலும் இருக்கமாட்டான்."

"அப்போ பத்தரைக்கே வரலாம்" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கே நான் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். இருவரும் வெளியே வந்தார்கள். சார் கேட்டைப் பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார். மாமி என்னைப் பார்த்து, "வரோம் டீச்சர்" என்றாள். வரச் சொல்லிக் கூப்பிடவில்லை. தெருமுனையில் சார் ஏதோ சொன்னார், மாமி தலையை ஆட்டி ஏதோ பதில் சொன்னாள். என்ன என்று காதில் விழவில்லை. தூரம்.