ஓய்வெடுக்காதவர்களுக்கு அரைப் பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பண்டாரவளையில் ஏதோ கூட்டத்துக்குப் போய் ஒரு புதுச் சங்கதியோடு திரும்பினார். மனிதருக்கு ஓய்வு வேண்டுமாம். ஓய்வெடுத்தால் மூளை தெளியுமாம், புதுப்புது யோசனை வருமாம், வேலை இரட்டிப்பாகுமாம். மறுநாள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் எங்களை முக்கால் மணி நேரம் மழையில் நிற்கவைத்து இதை விளக்கினார். நூறு வருசத்துக்கு மேல் எங்கள் முதுகை மட்டுமே பார்த்த தோட்டத்துக்கு இப்போதுதான் எங்கள் மூளை கண்ணில் பட்டிருக்கிறது. எனக்குப் புல்லரித்துப் போனது.

ஓய்வு என்றால் சும்மா வந்துவிடுமா? அதற்கும் விசில். பத்து மணிக்கு இராசையா கங்காணி விசில் ஊத, கொழுந்து எடுக்கும் நாற்பது பேரும் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து மலையிலேயே விரித்து, உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். இருபது நிமிடம் கழித்து இன்னொரு விசில். கண்ணைத் திறந்தால் ஏச்சு. இடத்தை விட்டு எழுந்தால் அரைப் பேர். அதாவது, நாள் முழுக்க வேலை செய்தாலும் பாதி நாள்தான் பதிவாகும்.

"யாருடி அது கண்ணத் தொறக்குறது? நல்லா மூடு! மூளைக்கு ஓய்வு குடு!" என்று கத்திக்கொண்டே கங்காணி வரிசை வரிசையாக நடப்பார். பாவம், அவர் ஒருவருக்குத்தான் ஓய்வே கிடையாது. காலில் அட்டை ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தால் வருகிற யோசனைகளை இங்கே எழுத முடியாது.

இதையெல்லாம் நான் சிரித்துத் தள்ளிவிட்டேன். என் பக்கத்தில் கொழுந்து எடுக்கும் தனுஜாவால் முடியவில்லை. அவளுக்கு ஆறு மாதக் கைப்பிள்ளை. நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா மலைக்குக் கீழேதான் இருக்கிறது. முன்பெல்லாம் பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் அங்கே ஓடிப் பால் கொடுத்துவிட்டு வருவாள். அந்த நேரத்தைத்தான் ஓய்வு விழுங்கிவிட்டது. பிள்ளை பன்னிரண்டு மணிவரை பசியில் கத்தும். இவள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள், சட்டை பாலில் நனைந்துகொண்டிருக்கும்.

"கங்காணியாரே, இவள மட்டும் விடுங்க" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம். ஓய்வுன்னா ஓய்வுதான். அங்கிட்டு இங்கிட்டு ஓட முடியாது."

மூன்றாவது வாரம், நாங்கள் ஓய்வெடுக்கும் அழகைப் படம் பிடிக்கக் கொழும்புக் கம்பெனியிலிருந்து ஒரு நோனா, பெரிய இடத்து அம்மா, கேமராக்காரரோடு வந்தார். அன்றைக்கு மட்டும் எங்களுக்குப் புதுப் பாய். விசில் ஊதியது. கீழே ஒரு பிள்ளை வீறிட்டது. யாருடைய பிள்ளை என்று நாற்பது பேருக்கும் தெரியும். தனுஜா எழுந்து நடந்தாள்.

"ஏய், இன்னும் பதினெட்டு நிமிசம் இருக்கு! ஒக்காரு!"

அவள் திரும்பியே பார்க்கவில்லை. "சுபா, போயி அவளக் கூட்டியா!" என்று கங்காணி என்னை விரட்டினார். நான் இறங்க, என்ன ஏதென்று புரியாமல் நோனாவும் கேமராக்காரரும் பின்னாலேயே வந்தார்கள்.

பிள்ளைக்காம்பராவுக்குள் சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தனுஜா தூங்கிக்கொண்டிருந்தாள். குடித்தபடியே பிள்ளையும் தூங்கிவிட்டது. நான் ஒரு துண்டை எடுத்து அவள் மேல் போர்த்தினேன். நோனா உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கினார். கேமராக்காரர் பத்துப் படம் எடுத்தார்.

சாயங்காலம் தனுஜாவுக்கு அரைப் பேர் விழுந்தது. ஓய்வு நேரத்தில் ஓய்வெடுக்காத குற்றம்.

பத்து நாளில் அந்தப் படம் பெரிதாகி, நாங்கள் பெரட்டுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஆபீஸ் சுவரில் ஏறியது. கீழே கொட்டை எழுத்தில், 'நல்ல ஓய்வு, நல்ல உழைப்பு.' தனுஜா அதை அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் தூங்கியிருக்கேன், இல்லக்கா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று பத்து மணிக்குக் கண்ணை மூடியதும் துரை சொன்னது பலித்துவிட்டது. எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைப் பக்கத்தில் இருந்தவளின் காதில் சொன்னேன். இரண்டாவது விசிலுக்குள் அது நாற்பது பேரையும் சுற்றி வந்துவிட்டது.

மறுநாள் விசில் ஊதியதும் எல்லோரும் படங்கைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கினோம். தனுஜா உள்ளே போனாள். நாங்கள் வெளிச் சுவரோரமாக வரிசையாய்ச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டோம். கங்காணி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"என்னடி கூத்து இது? யாரு இங்க வரச் சொன்னது?"

"தொரைதாங்க. ஆபீசு செவத்துல படம் போட்டே காட்டியிருக்காரே, இப்படித்தான் ஓய்வெடுக்கணும்னு" என்றேன், கண்ணைத் திறக்காமல். "சத்தம் போடாதீங்க. எங்க மூளை ஓய்வுல இருக்கு."

படத்தைக் கழற்றினால் கொழும்பு நோனா கேட்பார். கழற்றாவிட்டால் நாங்கள் இறங்கி வருவோம். என்ன செய்வதென்று துரை இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கு ஓய்வு போதவில்லை போலிருக்கிறது. இந்த மாதம் கொழுந்து கூடியிருக்கிறதாம். விசில்தான் காரணம் என்று மேலே அறிக்கை போயிருக்கிறது. தனுஜாவின் அரைப் பேரை மட்டும் யாரும் திருத்தவில்லை.

ஆனால் இரண்டாவது விசிலைக் கங்காணி இப்போது ஊதுவதில்லை. ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு எழுப்புகிறார். பிள்ளை முழித்துவிடுமாம்.