பியும் க்யூவும்

மருந்துப் பெட்டிகளுக்கான அட்டை அச்சடிக்கும் ஆலையில் பிழை பார்ப்பவள் நான். பதினோரு வருடத்தில் என் கண்ணுக்குத் தப்பிய எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, பெண்கள் கழிப்பறையை வேலை நேரத்தில் ஏன் பூட்டிவைக்கிறீர்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. மறுநாள் அவரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதில் உள்ளதை ஒப்புக்கொண்டு மாலைக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்பது புரிந்தது. நடுவில் ஒரு வரி: இனிமேல் உங்கள் பி, க்யூ விஷயத்தில் கவனமாக இருங்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அச்சுத் தகட்டில் எழுத்து இடம் வலம் மாறி நிற்கும். ஆங்கிலத்துச் சின்ன பியும் (p) சின்ன க்யூவும் (q) இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆளைக் குழப்பும். அதில் நான் கோட்டை விட்டேன் என்கிறாரா? சாப்பிடக்கூட எழுந்திருக்காமல், அந்த மாதம் அச்சான நாற்பத்திரண்டு மாதிரி அட்டைகளையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரி, "விடுங்கக்கா, கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க" என்றாள். விடுகிற ஆளா நான்?

அட்டைக் கட்டை மேலாளர் மேசையில் வைத்து, ஒரு பிகூட க்யூ ஆகவில்லை என்றேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அது வெள்ளைக்காரர்கள் பேச்சுவழக்காம். அடக்க ஒடுக்கமாக, மரியாதையாக நடந்துகொள் என்று அர்த்தமாம். எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

காது சுட்டது. வெட்கம்தான், மறைக்கவில்லை. அது இறங்கிய வேகத்தில் கோபம் ஏறியது.

"அப்ப என் வேலையில தப்பு இல்லை?"

"வேலையை யாரு சொன்னா? வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"தயவுசெய்துன்னு சொல்லித்தானே கேட்டேன், சார்?"

கையெழுத்துப் போடச் சொல்லி அவர் பேனாவை நீட்டினார். நான் என் சிவப்புப் பேனாவை எடுத்து, கடிதத்தில் அந்த வரியை அடித்தேன். பிழையுள்ள அட்டைகளில் எழுதுவதையே ஓரத்தில் எழுதினேன்: 'தவறு. திருத்தி அனுப்பவும்.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும், சார். நாளைக்கும் வருவேன். அந்தப் பூட்டைத் திறக்கிற வரைக்கும் கேப்பேன். மரியாதையாவே கேப்பேன்."