மதில் சூடிய தெய்வம்

தாணு ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கிணற்றில் நாலு வாளி இறைத்துக் குளித்தான். அடுப்பை மூட்டி ஒரு ஆழாக்கு அரிசி வடித்து, மோர் ஊற்றித் தூக்குவாளியில் அடைத்தான். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் முதல் மணி சரித்திரம். மனைவி வடிவம்மாள் செத்து ஐந்து மாதமாகிறது.

கிளம்பும்போது தபால்காரர் குத்தாலிங்கம் வந்தார். சென்னை மியூசியத்திலிருந்து ரிஜிஸ்தர் தபால், 1958 ஜனவரி முத்திரை.

"கையெழுத்தப் போடும் சார்வாள். உள்ள துட்டு மாதிரில்லா உருளுது" என்றார்.

காசுதான். போன சாரல் பருவத்தில், குற்றாலத்துக்குக் கீழே சிற்றாற்று மணலில் அவன் கண்டெடுத்த செப்புக்காசு. ஒரு பக்கம் ரோம ராஜாவின் தலை. மறுபக்கம் கோட்டை மதிலையே கிரீடமாகச் சூடிய ஒரு பெண். அவளைச் சுற்றிக் கிரேக்க எழுத்து. ரோமுக்கு அடங்கிய ஊர்கள் தத்தம் தெய்வத்தையும் பெயரையும் பொறித்துக்கொண்ட வகை. பி.ஏ.யில் படித்திருந்தான். எழுத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தான்.

வெள்ளிக்கிழமை வடிவம்மாள் அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டாள். பச்சைக் களிம்போடு எழுத்தும் போயிற்று. குங்குமம் வைத்துப் பூஜை மாடத்தில் நிறுத்தியிருந்தாள்.

"கிரீடம் வச்ச அம்மனை அழுக்கோடயா வச்சிருப்பாக? பி.ஏ. படிச்சவுகளுக்கு இது கூடத் தெரியலியே" என்று சிரித்தாள்.

அவன் திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். மூன்று நாள். நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். மறுநாள் விடியுமுன் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் காசை அனுப்பினான். அங்கே நல்ல பூதக்கண்ணாடி இருக்கும், விஷயம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் எழுத்தை வாசித்துவிட்டால், அவள் எதையும் கெடுக்கவில்லை என்றாகிவிடும். அதற்குத்தான் அனுப்பினான்.

கடிதம் ஐந்து வரி. ரோமின் கிழக்கு மாகாணக் காசு. ராஜா டிராஜன்; தலை தெளிவாக உள்ளது. பெண், நகரத்தைக் காக்கும் தெய்வம். இதே உருவத்தைப் பல ஊர்கள் வெட்டியிருக்கின்றன. எழுத்து முற்றிலும் அழிந்துவிட்டதால் எந்த ஊர் என்று சொல்வதற்கில்லை. அண்மையில் யாரோ தேய்த்திருப்பதாகத் தெரிகிறது.

இரண்டு முறை வாசித்தான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

வடிவம்மாள் கடைசி நேரத்தில் குற்றாலநாதரைக் கூப்பிட்டதாக, துஷ்டி கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் உலகம்மாள் சொன்னாள். தாணு மறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான். கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னது வேறு.

"ராசா தல இருக்க பக்கத்த நான் தேய்க்கல, பாத்துக்கிடுங்க."