வெந்நீர்

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தையல்காரம்மா அந்தக் கையைப் பார்த்தாள், கைக்குரியவளின் முகத்தைப் பார்த்தாள், திரும்பிப் பக்கத்துக் கதவு வழியாகச் சர்ச்சுக்குள் போய்விட்டாள். இது நடந்தது போன மாதம். அதற்குப் பிறகு அவள் முன்வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கை நீட்டியவளுக்குச் சபையில் பிணவறை அக்கா என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைக் கழுவித் துடைத்து, துணி சுற்றி, வீட்டாரிடம் ஒப்படைக்கிற வேலை. புருஷன் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. வேலையிலோ, பேசினால் பதில் வராது. ‘சபையில் எல்லோருக்கும் ஒரு ஊழியம் உண்டு’ என்று போதகர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மறுநாளே போய் நின்றாள். உயிரோடிருப்பவர்கள் நடுவே ஏதாவது ஒரு வேலை. பாவம், அவள் கேட்டது அவ்வளவுதான்.

பாட்டுக் குழுவில் சேர்த்துப் பார்த்தார்கள். குரல் தகரத்தை ஆணியால் கீறியது போலிருந்தது. ஆராதனை முடிந்ததும் டீ கொடுக்கச் சொன்னார்கள். தட்டோடு போனால், “இப்பதான் குடிச்சேன்”, “எனக்குச் சுகரு” என்று ஆளாளுக்கு நழுவினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் மூடி மறைக்கவில்லை.

“எப்படியும் ஒருநாள் உன் கையாலதாம்மா குளிக்கப் போறேன். அதுக்குள்ள டீ வேறயா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கோப்பைகளில் ஆடை படிந்தது.

கடைசியில் கிடைத்தது, வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகுலுக்கி வரவேற்கும் வேலை. ஆனால் அந்த வாசலில் உயிரோடிருப்பவர்கள் மட்டும் வரவில்லை. ஒருவரின் மோவாய்க் குழியில், அவள் சவரம் செய்துவிட்ட அவருடைய அப்பா வந்தார். ஒரு பெண்ணின் நெற்றிச் சுழியில், அவள் தலைவாரிவிட்ட தங்கை வந்தாள். பிடித்திருக்கும் கை சூடா, சில்லிப்பா என்று சில நேரம் அவளுக்கே புரியாது. தையல்காரம்மாவின் முகத்தில் மட்டும் யாரும் வரவில்லை. அவளுடைய சின்னப் பையன் இந்தக் கை வழியாகத்தான் போனான். எத்தனை தேடியும் அவன் முகம் கிடைக்கவில்லை.

இன்று காலை பாஸ்டரம்மா தனியாகக் கூப்பிட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அந்தம்மா பையனை உங்ககிட்ட இருந்துதானே வாங்கிட்டுப் போனாங்க. உங்களைப் பார்த்தாலே அவங்களுக்கு எல்லாம் திரும்ப வருது. இன்னிக்கு மட்டும் வாசல்ல நில்லுங்க. அடுத்த வாரத்துல இருந்து பூ வைக்கிற வேலை பாருங்களேன். பூவுக்கு யார் தொட்டாலும் ஒண்ணுதான்.”

“சரிங்கம்மா.”

முதல் பாட்டு ஆரம்பித்தது. கதவைச் சாத்தப் போனபோது, முன்படியில் தையல்காரம்மா நின்றிருந்தாள். வெளியே தூறல். அவள் தோளில் ஒரு துண்டு நூல் ஒட்டியிருந்தது.

“அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னை உள்ள விடல,” என்றாள். “நீங்க உள்ள இருந்தீங்க. என் பிள்ளை உங்ககிட்ட இருந்தப்போ... எப்படி இருந்தான்?”

தூங்குற மாதிரி இருந்தாம்மா. அந்த ஒரு வாக்கியம் போதும். சொல்லிப் பழகிய வாய்தான். அக்கா அந்த முகத்தில் இன்னொரு முறை தேடினாள். புருவம், மூக்கு, காது மடல். யாரும் வரவில்லை.

“ஞாபகம் இல்லம்மா.”

தையல்காரம்மாவின் முகம் சுவராயிற்று. படியிறங்கக் காலெடுத்தாள்.

“ஆனா ஒண்ணு நிச்சயமாத் தெரியும்,” என்றாள் அக்கா அவசரமாக. “அங்க குழாய்த் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். குழந்தைங்கன்னா நான் அதுல கழுவ மாட்டேன். வெந்நீர் வச்சு, வெளாவி, என் கையில ஊத்திப் பாத்துட்டுதான் கழுவுவேன். செத்ததுக்கு எதுக்குடி வெந்நீருன்னு கூட வேலை செய்றவங்க திட்டுவாங்க. ஒரு பிள்ளைக்கும் விட்டதில்ல.”

தையல்காரம்மா எடுத்த காலைத் திரும்பப் படியில் வைத்தாள்.

“பச்சத் தண்ணி பட்டா அவன் ஊரையே கூட்டிருவான்,” என்றாள்.

“எங்க ஊத்திப் பாப்பீங்க?” என்று அவளே கேட்டாள்.

அக்கா சட்டைக் கையை ஏற்றி முழங்கை மடிப்பைக் காட்டினாள். தையல்காரம்மா அங்கே தன் விரல்களை வைத்தாள். உள்ளே பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போயிருந்தது. தாமதமாக வந்த இரண்டு பேர் குடையை மடக்கிக்கொண்டு கீழ்ப்படியிலேயே நின்றார்கள். ஊசி குத்திக் காய்த்த அந்த விரல்கள், சூடு பதமா என்று பார்ப்பதுபோல, அசையாமல் அங்கேயே இருந்தன.