பத்தாவது ஆள்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. என் பேத்தி திவ்யா பிடித்த பிடி. "பைலட் தாத்தா சண்டைக்குப் போனத நீங்க எழுதுங்க தாத்தா. அவரா சொல்ல மாட்டாரு" என்றாள். அந்த பைலட் அவளுடைய அப்பாவைப் பெற்றவர். நான் அவளுடைய அம்மாவைப் பெற்றவன். எங்களுக்குள் சம்பந்தி முறை.

எழுதுகிற ஆட்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் கதைக்குள் என்னை 'நான்' என்று எழுதப் போவதில்லை, மலையாண்டி என்றே எழுதுகிறேன். 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் நல்லவனாகிவிடத் தோன்றும். மலையாண்டி என்றால் அவனை வைக்கிற இடத்தில் வைக்கலாம்.

2

மேகத்தைக் கிழித்துக்கொண்டு அந்தப் போர் விமானம்

(நிறுத்திவிட்டேன். மலையாண்டி விமானத்தில் ஏறினவன் இல்லை. மேகம் கிழியுமா என்று சம்பந்தியிடமே கேட்டேன். "கிழியாது. உள்ள போயிட்டா எதுவும் தெரியாது. நம்ம வயிறு மட்டும் தெரியும்" என்றார்.)

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர் மாதம், இருபத்து நான்கே வயதான பின்ஹாஸ் நாவ்காவ்கர் எதிரி விமானத்தைக் குறிவைத்து

(இதுவும் ஆகாது. குறிவைத்தாரா என்பதே தெரியாது. முப்பது தடவை கேட்டாயிற்று. இறக்கையில் குண்டு பட்டதாம், பெட்ரோல் ஒழுகியதாம், திரும்பி வந்து இறங்கினாராம். அன்று மாலை மனைவிக்குக் கார்டு போட்டாராம். மலையாண்டி சும்மா நம்புகிறவனா? கார்டைக் காட்டச் சொன்னான். திவ்யா படித்தாள்: 'இங்கே நல்ல குளிர். நீ பின்னின ஸ்வெட்டர் கழுத்தைப் பிடிக்கிறது. வேறு விசேஷம் இல்லை.' இதை வைத்துக்கொண்டு என்ன சண்டையை எழுதுவது?)

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். இது நிற்கும்போலத் தெரிகிறது.

பின்ஹாஸ் ஸ்கூட்டரை எடுக்கும் முன்னால் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பட்டாளத்தை விட்டபின் மதுரையில்தான் இருக்கிறார்; தல்லாகுளத்தில் அவர் தெருக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். டயரை அமுக்குவார். கண்ணாடியை ஆட்டுவார். குனிந்து அடியில் ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பார். எழுபத்தெட்டு வயதாகியும், ஏறும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்த்த பழக்கம் போகவில்லை. அவர் மனைவி ஃப்ளோரா அம்மாள் படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் கட்டிலை அப்படித்தான் சுற்றி வந்தார். தலையணை, தண்ணீர், மாத்திரை, போர்வை, கைக்கு எட்டுகிற இடத்தில் மணி. ஒரு நாளும் ஒன்றை விட்டதில்லை.

3

இந்த ஆளை எப்படி நம்பினாய் என்று நீங்கள் கேட்கலாம். மலையாண்டி லேசில் நம்பவில்லை. பையனுக்குப் பெண் கேட்டு அவர் வந்த அன்று முதல் கேள்வியே இதுதான்:

"நீங்க என்ன ஆளுக?"

"யூதர்."

"அது எந்தப் பக்கம்?"

"எங்களுக்கு பம்பாய்க்குத் தெற்கே, கடற்கரை ஓரம். செக்கு ஆட்டுற குடும்பம். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது."

செக்கு என்றதும் மலையாண்டிக்குக் கொஞ்சம் பிடிபட்டது. "சனிக்கிழமை ஏன் ஓடாது?"

"சாமி உத்தரவு. அன்னைக்கு ஓய்வு."

"மாட்டுக்குமா?"

"மாட்டுக்கும்தான்."

மாட்டுக்கு லீவு விடுகிற வீட்டில் பெண் கஷ்டப்படாது என்று மலையாண்டி முடிவுகட்டினான். (ஊரில் இதைக் காதல் கல்யாணம் என்பார்கள். காதலித்தது என் மகள் கனகலட்சுமியும் அந்தப் பையனும். சம்மதித்தது செக்கு மாட்டுக்காக.)

4

ஃப்ளோரா அம்மாள் போனபோது, மதுரையில் அவர்கள் ஆட்களுக்கென்று இடுகாடு இல்லை. மலையாண்டி செக்கானூரணிப் பக்கம் இருக்கிற தன் தோட்டத்தில், கிணற்றுக்கு மேற்கே இடம் கொடுத்தான். (இதற்கு யாரும் கண்ணைத் துடைக்க வேண்டாம். எள்ளுகூட முளைக்காத கல்மேடு அது.)

வருஷம் திரும்ப ஒரு வாரம் இருந்தது. பின்ஹாஸ் வந்து மேட்டில் உட்கார்ந்தார்.

"திதிக்கு என்ன செய்யணும் சம்பந்தி?"

"காதிஷ்னு ஒரு ஜெபம். செத்தவங்களுக்காகச் சொல்றது. பத்து ஆம்பளை நிக்கணும். எங்க ஆளுக பத்துப் பேர். பத்து இல்லைன்னா சொல்லக் கூடாது."

"பெறகு?"

"சும்மா இருக்கணும். ஒரு வருஷமா சும்மாதான் இருக்கேன்."

மகன் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருக்கிறான். பம்பாய் போனால் பத்துப் பேர் கிடைப்பார்களே என்றான் மலையாண்டி. "அன்னைக்குப் பார்த்து இவளை விட்டுட்டு நான் பம்பாயில நிக்கவா?" என்றார். ஒரு தடவையாவது அவளுக்காக அதைச் சொல்லிவிட வேண்டும், அதற்குமேல் தனக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்றார். எழுந்தார். ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்க்காமலே ஓட்டிக்கொண்டு போனார்.

மலையாண்டி அதைக் கவனித்தான். [அவன் மனம் உடைந்து — அடித்துவிட்டேன். உடையவில்லை. எரிச்சல் வந்தது. பத்து ஆம்பளைக்கா ஒரு வருஷம்?]

5

"தாத்தா, அவங்க ஆளுகளா இருக்கணும். நம்ம ஆளுகளக் கூப்பிட்டா செல்லாது" என்றாள் திவ்யா.

"பொண்ணக் குடுத்தாச்சு. இனிமே என்னத்தா அவுங்க ஆளு, நம்ம ஆளு?"

அவள் போனில் பார்த்து இரண்டு விஷயம் மட்டும் சொன்னாள். பத்தில் பின்ஹாஸும் சேர்த்தி. தலையை மூட வேண்டும். ஆக, மலையாண்டியோடு ஒன்பது பேர் திதி அன்று நான்கு மணி வெயிலில், தலையில் துண்டோடு மேட்டில் நின்றார்கள்.

"சாப்பாடு உண்டா மாப்ள?" என்றார் மொக்கையன்.

"நிக்கத்தான் மாமா கூப்பிட்டேன்."

"நின்னா பசிக்காதாக்கும்."

ஒன்பதில் ஒருவனான மருதுவுக்குப் போன் வந்தது. "மாடு கண்ணு போடப் போகுதாம்ண்ணே. இந்தா வந்துர்றேன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

அப்புறம்தான் பின்ஹாஸ் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தினார். துண்டு கட்டின தலைகளைப் பார்த்தார்.

"சம்பந்தி, இவங்க..."

"நம்ம ஆளுக."

"எங்க சட்டப்படி இது..."

"உங்க சட்டம் எனக்குத் தெரியாது. எண்ணிப் பாருங்க."

பின்ஹாஸ் நடந்தார். ஸ்கூட்டரைச் சுற்றுவதுபோல அவர்களைச் சுற்றினார். ராஜபாண்டியின் துண்டை இழுத்துச் சரிசெய்தார். மொக்கையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். ஒவ்வொரு ஆளுக்கு முன்னாலும் ஏதோ ஒரு சொல்லை முணுமுணுத்தார்.

"என்ன சொல்றீங்க?"

"மனுஷனை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணக் கூடாது. எங்க வேதத்துல பத்துச் சொல்லு உள்ள ஒரு வரி இருக்கு. ஆளுக்கு ஒரு சொல்லு."

களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குகிறவன் மலையாண்டி. அவன் சந்தேகப்படாத முதல் விஷயம் இதுதான்.

எட்டுப் பேருக்கு எட்டுச் சொல். ஒன்பதாவதைத் தன் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். பத்தாவது வாயிலேயே நின்றது. மலையாண்டி, மருது போன வண்டிப்பாதையைப் பார்த்தான்.

6

இனி முடிவு. மருதுவை ஓடி வரச் செய்யலாம், உங்களுக்கும் பிடிக்கும். ஆனால் கன்று போடுகிற மாட்டை விட்டுவிட்டு எந்தச் சம்சாரியும் வர மாட்டான். பின்ஹாஸ் கும்பிட்டு, "இது செல்லாது சம்பந்தி, ஆனா மறக்க மாட்டேன்" என்று சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார் என்று எழுதலாம். சட்டம் பிழைக்கும், மொக்கையனுக்கும் சந்தோஷம். திவ்யா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு "நான் நிக்கிறேன்" என்று வந்தாள் என்று எழுதலாம். (இதைத்தான் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் காலேஜில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.)

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். சம்பந்தியிடம் உத்தரவு கேட்டேன்.

"என்ன வேணும்னாலும் எழுதுங்க. நான் அங்க வாயைத் திறந்தேனா இல்லையான்னு மட்டும் வேண்டாம். அது எனக்கும் ஃப்ளோராவுக்கும்" என்றார்.

சண்டையைச் சொல்லவும் மாட்டார், இதை எழுதவும் கூடாது. இப்படிப்பட்ட மனுஷனை வைத்து ஒருத்தன் கதை எழுத முடியுமா?

ஆகவே அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறேன். மேட்டில் ஒன்பது பேர் நிற்கிறோம். அவர் வாயில் ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. மொக்கையனுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது நன்றாயில்லை. நீங்கள் என்ன ஆளுக என்று கேட்க மாட்டேன். செருப்போடு வாருங்கள், முள் கிடக்கிறது. தலையில் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். உங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்.

அசையாமல் நில்லுங்கள்.